ஒரு துணைக்கால் தூரம்

(காஞ்சிபுரத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)

அவைத்தலைவர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு இந்த மாலை நேரத்தில் வந்திருக்கும் நெசவாளப் பெரியோர்களே, ஆசிரியர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

இன்று நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு மணி நேரம், ஒரு சொல். அதுவும் ஓர் ஆங்கிலச் சொல். கந்தபுராணம் பிறந்த ஊருக்கு வந்து, குமரக்கோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, ஆங்கிலச் சொல்லைப் பற்றியா பேசுவது என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் பொறுங்கள். பத்து நிமிடத்தில் அந்தச் சொல் உங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்துவிடும்.

எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்: சி, ஓ, என், ஜி, இ, இ. உச்சரிப்பு, 'கான்ஜி'. மாணவர்கள் யாராவது பொருள் சொல்ல முடியுமா? ஒருவரும் இல்லையா? வெட்கப்பட வேண்டாம். முப்பது ஆண்டுக் காலம் ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தச் சொல்லோடு அறிமுகம் ஏற்பட்டது. வகுப்பறையில் கிடைக்காத அறிமுகம் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது.

மகள் வீட்டுக்குப் போகும் வழியில் ஹாங்காங் விமான நிலையத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. பசி. ஓர் உணவுக்கடைப் பலகையில் இந்தச் சொல் இருந்தது. கோழிக் கான்ஜி, மீன் கான்ஜி, முட்டைக் கான்ஜி. சரி, ஏதோ சீனப் பண்டம் என்று ஒன்று வாங்கினேன். கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று, ஆவி பறக்க, குழைந்த அரிசி. மேலே வெங்காயத்தாள். ஒரு வாய் வைத்தேன். காய்ச்சல் கண்ட நாட்களில் அம்மா ஆற்றிக் கொடுத்தாளே, அதே சுவை! பரிமாறிய பெண்ணிடம், "அம்மா, இந்தப் பெயர் உங்கள் மொழிச் சொல்லா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, நாங்கள் இதை ஜூக் என்போம். கான்ஜி என்பது ஆங்கிலம்" என்றார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரர் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டேன். "சீனச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும்" என்றார்.

சீனரைக் கேட்டால் ஆங்கிலம். ஆங்கிலேயரைக் கேட்டால் சீனம். சொல்லுக்கு உரியவன் நடுவில் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், என்னைக் கேட்பாரில்லை.

ஆம், அது நம்முடைய கஞ்சிதான்.

உடனே கைதட்டிவிடாதீர்கள். தமிழ்ச் சொல் உலகம் சுற்றுகிறது என்று பெருமை பேசிவிட்டு உட்கார்ந்துவிட நான் வரவில்லை. கறி போயிருக்கிறது, கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணீர்கூடப் போயிருக்கிறது. அந்தப் பட்டியல் உங்களுக்குத் தெரியும். கஞ்சியின் கதை வேறு மாதிரியானது. ஏன் தெரியுமா? ஆங்கிலத்தில் அதே ஆறெழுத்தில், அதே உச்சரிப்பில், ஏற்கெனவே இன்னொரு சொல் இருந்தது. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடித்தனம். ஒருவர் அரண்மனைக்காரர், மற்றவர் அடுப்படிக்காரர். இரத்த உறவு துளியும் கிடையாது.

அரண்மனைக்காரரை முதலில் பார்த்துவிடுவோம். மரியாதை அப்படி.

அவர் பிரான்சிலிருந்து வந்தவர். விடை என்பது அவருடைய பொருள். போவதற்கு உத்தரவு கேட்பது விடை, உத்தரவு கொடுப்பது விடை, கிடைத்த பிறகு இடுப்பை வளைத்துச் செய்யும் வணக்கமும் அதுவே. வேலையாளைப் பார்த்து 'இனி நீ போகலாம்' என்று சொல்வதற்கும் இதே சொல்லைத்தான் வைத்தார்கள். நம்மிடம் 'சீட்டுக் கிழித்தல்' என்று இருக்கிறதே, அதன் பட்டுச்சட்டை போட்ட வடிவம். ஷேக்ஸ்பியரின் 'ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்' நாடகத்தில், கோமகனிடம் விடைபெற்றுக்கொண்டதைச் சொல்ல பெர்ட்ரம் இந்தச் சொல்லை வினையாகவே பயன்படுத்துகிறான்.

இங்கிலாந்துத் திருச்சபையில் இன்னொரு வேடிக்கை. ஓர் ஆயர் பதவி காலியானால் புதியவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பேராலயக் குழுவுக்கு உண்டு. ஆனால் அரசரின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவுக்குப் பெயர் இந்தச் சொல்லை வைத்துத்தான். எட்டாம் ஹென்றி காலத்திலிருந்து அந்த உத்தரவோடு கூடவே இன்னொரு கடிதமும் வரும். அதில் என்ன இருக்கும்? தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவரின் பெயர் இருக்கும்! தேர்தல் நடத்திக்கொள்ளலாம், வேட்பாளர் மட்டும் ஒருவரே. சங்கத் தேர்தல் பார்த்தவர்கள் சிரிக்கிறீர்கள், புரிகிறது.

இந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீன் வருகிறது. 'கொமெயாத்துஸ்'. அதன் வினை எதைக் குறிக்கிறது? போவதையும் வருவதையும் சேர்த்துக் குறிக்கிறது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ரோமானியப் படைவீரன் விடுப்பில் ஊருக்குப் போனால் அது கொமெயாத்துஸ். திரும்பி வர வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டிவிட முடியுமா அவளிடம்? கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். "போறேன்னு சொல்லாதேடா, போயிட்டு வரேன்னு சொல்லு." எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அவள். ரோமாபுரி என்று ஓர் ஊர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் விடைபெறுதல் என்றால் போவதும் வருவதும் சேர்ந்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது, லத்தீன்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த லத்தீன் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. படைக்குப் பின்னால் வண்டி வண்டியாகப் போகுமே தானியம், உணவுப்பொருள், அதற்கும் அதுவே பெயர். பார்த்தீர்களா? அரண்மனைக்காரரின் அடிவயிற்றிலும் சோற்று ஞாபகம்தான். இதை மனத்தில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆற்காட்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

இனி நம்மவர்.

கஞ்சி வெளியூர் போனது எப்படி? போர்த்துகீசியர் 1510இல் கோவாவைப் பிடித்தார்கள். அங்கே கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் இருந்தார். நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி 1563இல் ஒரு நூல் அச்சிட்டார். நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்து அரிசித் தண்ணீர் கொடுப்பதை அதில் எழுதும்போது, அதன் பெயர் 'கான்ஜெ' என்று குறித்துவைத்தார். மிளகு, சீரகம்! நம் வீட்டுக் காய்ச்சல் கஞ்சி நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது.

கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் சிறு மாற்றத்தோடு உண்டு. மலையாளத்தில் கஞ்ஞி. போர்த்துகீசியர் முதலில் வந்து இறங்கியது மலையாளக் கரையில். அப்படியிருக்க ஆங்கில அகராதிக்காரர்கள் இதைத் தமிழ் என்று எழுதுகிறார்களே, சரியா? ஓசையை வைத்துப் பார்த்தால் 'ஞ்ஞி'யைவிட 'ஞ்சி'தான் 'ஞ்ஜி'க்குப் பக்கம். ஆனாலும் பங்காளிகள் எல்லோருக்கும் பங்குள்ள சொத்து இது என்று ஒத்துக்கொள்வதுதான் நாகரிகம்.

போர்த்துகீசியர் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். மேற்கே போனது, கிழக்கேயும் போனது. இன்று போர்த்துகலிலும் பிரேசிலிலும் கோழியும் அரிசியும் போட்ட சூப்புக்கு 'கான்ஜா' என்று பெயர். ரொம்பச் சுலபமான வேலையைக்கூட அவர்கள் 'அது கான்ஜா' என்கிறார்கள். நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோமே, அந்த இடத்தில் அவர்களுக்குக் கஞ்சி! கிழக்கே அவர்கள் சீனத்து மக்காவு நகரில் குடியேறினார்கள். சீனரின் ஜூக்குக்கு ஐரோப்பியர் வாயில் நம் சொல்லே பெயராக நின்றுவிட்டது. ஹாங்காங்கில் என் கிண்ணத்துக்கு அந்தப் பெயர் வந்த வழி இதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். உச்சரிப்பை இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கள். கான்ஜி. அது கஞ்சியா, காஞ்சியா?

தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஒரு துணைக்கால் தூரம். அந்த ஒற்றைக் காலை எடுத்துவிட்டால் காஞ்சி கஞ்சியாகிவிடும். ஆங்கிலேயர் நாக்கு கஞ்சிக்கு ஒரு துணைக்காலைத் தானாகவே போட்டுவிட்டது. உங்கள் ஊரை அவர்கள் கான்ஜீவரம் என்று எழுதினார்கள். கஞ்சியைச் சிலர் ஜி போட்டு எழுதினார்கள், சிலர் ஜே போட்டு எழுதினார்கள். ஜே போட்டு எழுதியபோது ஊரின் தலைப்பாதியும் கஞ்சியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன.

இதில் நம்மவர்கள் அவர்களுக்கு முன்னோடி. 'கஞ்சி வரதப்பா என்றானாம் ஒருவன், எங்கே வரதப்பா என்றானாம் இன்னொருவன்.' கேள்விப்படாதவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது. ஒருவன் பக்தியில் வரதராஜப் பெருமாளைக் கூப்பிடுகிறான். பக்கத்தில் இருப்பவன் வயிறு காய்ந்தவன். அவன் காதில் விழுவது கஞ்சி வருகிறது என்ற செய்தி. ஒரே ஒலி, ஒருவனுக்குக் கடவுள், ஒருவனுக்குக் கஞ்சி. இதைக் கேலிக்கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு என்னவோ அந்த இரண்டாவது ஆள்மேல்தான் பிரியம். அவன் காதில் பிழையில்லை.

பழைய ஆங்கிலேயர் தொகுத்த ஓர் அகராதி இருக்கிறது. பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. ஆள் பெயர்போல இருக்கிறதா? இல்லை. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரலை வெள்ளைச் சிப்பாய்கள் காதில் வாங்கிய லட்சணம் அது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலேயர் பேச்சில் ஏறிய சொற்களையெல்லாம் யூல், பர்னெல் என்ற இருவர் அதில் திரட்டினார்கள். வெளிவந்தது 1886இல். பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

அந்த அகராதியில் கஞ்சி இருக்கிறது. கணக்கப்பிள்ளையும் இருக்கிறார், 'கானிகாப்பலி' என்ற கோலத்தில். ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். ஜி வரும் கஞ்சி முதலில், ஐ வரும் கணக்கப்பிள்ளை அடுத்து, ஜே வரும் கான்ஜீவரம் அதற்கும் அடுத்து. கஞ்சிக்கும் காஞ்சிக்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்? கணக்கப்பிள்ளை! முதலாளி வீட்டுத் திண்ணையில் கூலிக்குக் காத்திருந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கஞ்சி என்ற தலைப்பின்கீழ் அந்த இருவரும் இன்னொரு செய்தியும் தருகிறார்கள். ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞர், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியவர். அவருடைய அங்கதப் பாட்டு ஒன்றில் ஒரு மகா கருமி நோயில் கிடக்கிறான். மருத்துவர் அரிசிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார். கருமி முதலில் கேட்கும் கேள்வி, விலை என்ன? எட்டுக் காசு என்றதும் அலறுகிறான். நோயில் செத்தால் என்ன, இப்படிக் கொள்ளையில் செத்தால் என்ன என்று புலம்புகிறான். அந்நாளில் ரோமுக்கு அரிசி கடல் கடந்து போக வேண்டிய பொருள். இங்கே வடித்து ஊற்றியது அங்கே மருந்துக்கடைச் சரக்கு.

வடித்து ஊற்றியது என்றதும் பட்டினப்பாலை நினைவுக்கு வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுவதையும், காளைகள் மோதி அது சேறாவதையும், தேர் ஓடி அந்தச் சேறு தூளாகி மாளிகைச் சுவரில் படிவதையும் அந்தப் பாட்டில் பார்க்கலாம். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவர் பாடிய இன்னொரு பாட்டு எது? பெரும்பாணாற்றுப்படை. யாரைப் பற்றி? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி. ஒரு பாட்டில் கஞ்சி, ஒரு பாட்டில் காஞ்சி. துணைக்கால் தூரத்தை அன்றைக்கே ஒருவர் நடந்து முடித்துவிட்டார்.

ஆனால் ஆங்கிலேயர் கையில் கஞ்சி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? சிறைக்குப் போனது. படை முகாமில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் சிப்பாயை அடைத்துவைக்கும் அறைக்கு 'கான்ஜி ஹவுஸ்' என்று பெயர். கஞ்சி வீடு. உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் ஆகாரம் என்பதால் வந்த பெயர். 1835ஆம் ஆண்டின் படை உத்தரவு ஒன்றிலேயே இது எழுத்தில் இருக்கிறது. போதை தெளியும்வரை அங்கே தனியாக வைக்கச் சொல்லும் உத்தரவு.

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். ஒரே எழுத்துக்கூட்டல். ஒரு சொல்லுக்குப் பொருள், நீ போகலாம். மற்றதன் பெயரில் ஓர் அறை, அதற்குள் போனவன் வெளியே போக முடியாது! எந்த மொழிக்காவது இந்த விளையாட்டைத் திட்டமிட்டு ஆடத் தெரியுமா?

இப்போது ஆற்காடு. இங்கிருந்து பஸ் ஏறினால் எவ்வளவு நேரம்? 1751 ஆகஸ்டு கடைசியில் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டு உங்கள் ஊர் வழியாகத்தான் ஆற்காட்டுக்குப் போனான். கோட்டையைச் சண்டையில்லாமல் பிடித்தான். பிறகு அவனே அதற்குள் ஐம்பது நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டான். ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்ன கொமெயாத்துஸ் இங்கேதான் வருகிறது: படைக்கு அரிசி குறைந்தது. அப்போது நம் சிப்பாய்கள் வந்து, 'சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்' என்று சொன்னதாக ஒரு கதை. மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரையால் அது உலகப் புகழ் பெற்றது. நடந்து எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு பரவிய கதை என்பதால் இதை ஐயத்தோடு பார்க்கிறவர்களும் உண்டு.

நடந்ததோ இல்லையோ, ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இது எதற்காகச் சொல்லப்பட்டது? விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாக. நானும் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன். இன்று படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. சோறு வடிக்கும்போது சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு இறங்கிவிடும் என்பது சமைத்தவனுக்குத் தெரியும். கஞ்சி கழிவு என்று நினைத்தவன் மெக்காலே. அந்தச் சிப்பாய் அப்படி நினைத்திருப்பானா? இந்தக் கதையை நம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தால், அந்தச் சிப்பாய்க்கு ஒரு பெயராவது கிடைத்திருக்கும்.

முற்றுகை முடிந்து ஆரணியில் சண்டை முடித்து, அதே ஆண்டு டிசம்பரில் கிளைவ் திரும்பவும் இங்கே வந்தான். பிரெஞ்சுக்காரர்கள் பெரிய கோயிலுக்குள் படை இறக்கி வைத்திருந்தார்கள். கோயில் கோட்டையான காலம் அது. அவர்களை வெளியேற்றினான். பிரெஞ்சுக்காரனுக்கு அன்று காஞ்சியில் கிடைத்தது அவன் மொழிச் சொல்லே: விடை. அவனுக்குக் கஞ்சியாவது கிடைத்ததா என்பதை யாரும் எழுதவில்லை.

இனி இன்னொரு கஞ்சி. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

கஞ்சித் தொட்டி. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடம். இந்தச் சொல்லைக் கேட்டால் மாணவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. பெரியவர்கள் முகம் மாறுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தை நாம் பாட்டனுக்குப் பாட்டன் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவது இந்த ஊருக்குப் புதிதா? மணிமேகலை எங்கே வந்து அமுதசுரபியை ஏந்தினாள்? வறட்சியில் வாடிய காஞ்சியில்தான். காப்பியத்தில் பாத்திரம் வற்றவில்லை. தொட்டி வற்றும்.

நெசவாளர்களுக்குத் தொட்டி எப்போதெல்லாம் வந்தது? மழை பொய்க்கும்போது உழவருக்கு வரும் பஞ்சம், துணி தேங்கும்போது நெசவாளருக்கு வரும். கிடங்கில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருக்கும், வீட்டில் உலை இருக்காது. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டி முன்னால் நின்றன. இந்த மண்ணில், நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா 1953இல் தோழர்களோடு கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். 2001ஆம் ஆண்டின் கடைசியிலும் நெசவாளர் ஊர்களில் தொட்டிகள் திறந்தார்கள். தொட்டி திறந்தவர்களுக்கும் திறக்க வேண்டியதில்லை என்றவர்களுக்கும் நடந்த அரசியல் சண்டை பத்திரிகைகளில் நிறைய இடம் பிடித்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. பட்டு நெய்த கை பித்தளைப் பாத்திரம் ஏந்தி நின்றதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

அகராதிக்காரர்கள் கஞ்சிக்கு இன்னொரு வேலையையும் எழுதியிருக்கிறார்கள். அது துணி. ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவர் 1670களில் இந்தியாவில் சுற்றியவர். வண்ணார் கல்லில் துணி அடித்துத் துவைப்பதையும், வீட்டுத் துணி என்றால் கஞ்சி போடுவதையும் எழுதி, கஞ்சி என்ற சொல்லையே அங்கே வைத்தார். நல்லது. ஆனால் அவர் பார்த்தது நெய்த பிறகு போடும் கஞ்சி. நெய்வதற்கு முன்னால் போடும் கஞ்சியை அகராதியில் நான் எங்கும் பார்க்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. மாணவர்களுக்காகச் சொல்கிறேன், தப்பிருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள். பட்டு நூல் பூச்சி கட்டிய கூட்டிலிருந்து வரும்போது அதன்மேல் ஒரு பசை இருக்கும். சாயம் ஏற வேண்டும், பளபளப்பு வர வேண்டும் என்றால் அந்தப் பசையைக் கொதிநீரில் நீக்க வேண்டும். நீக்கினால் நூல் மென்மையாகிறது, கூடவே நோஞ்சானாகவும் ஆகிறது. தறியில் பூட்டி, அச்சும் விழுதும் ஆயிரம் தடவை உரசினால் பிசிர் எழும்பும், இழை அறும். அதனால் என்ன செய்கிறோம்? பூச்சி போட்ட பசையை எடுத்துவிட்டு, அரிசியின் பசையை ஏற்றுகிறோம். விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக ஒட்டாமல் நீவிப் பிரித்து, இளவெயிலில் காயவைக்கிறோம். வெயில் ஏறினால் முறுகிவிடும், தூறல் விழுந்தால் அன்றைய பிழைப்புப் போச்சு. ஒரு பாவில் மூன்று புடவை. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி, பாவுக்கு வழிவிட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். இப்போது மோட்டார் சைக்கிள் இறங்குவதில்லை.

மூன்று நாடா ஓடும் கோர்வைக் கரையைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. ஜரிகையைப் பற்றி விதிமுறையே இருக்கிறது. 2005ஆம் ஆண்டை ஒட்டி காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. முகூர்த்தப் பட்டைத் தொட்டுப் பார்க்கிறவர் ஜரிகையைத் தடவுவார், கரையைத் தடவுவார், எடையைக் கையில் நிறுத்துப் பார்ப்பார். அந்த இழையைத் தறிவரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிவந்தது ஒரு படி அரிசி என்பது அவருக்குத் தெரியாது. நெய்து முடித்த பிறகு கஞ்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் வேலையே அப்படி.

அரண்மனைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆங்கில அகராதியில் இன்னும் இருக்கிறார், 'பழைய வழக்கு' என்ற சீட்டோடு. அந்தப் பொருளில் இன்று லண்டனில் யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள். யாரும் யாரிடமும் இடுப்பு வளைத்து உத்தரவு கேட்பதில்லை. அடுப்படிக்காரரோ விமான நிலையத்தில் இருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார், நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலில் இருக்கிறார். ஒரே கதவு எண்ணில் இப்போது ஒருவர்தான் குடியிருக்கிறார். வாடகை பாக்கி வைக்காதவர் அவர்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். தமிழ் அகராதியில் 'பாவாற்றி' என்று ஒரு சொல் இருக்கிறது, பாவை நீவும் தூரிகைக்குப் பெயர். சேலம் பக்கம் பாவு விரிக்கும் வெளிக்குப் 'பாவடி' என்பார்கள். இந்த ஊரில் என்ன சொல்வார்கள்? பட்டுப் பாவுக்கு எந்த அரிசியில் கஞ்சி காய்ச்சினீர்கள்? புழுங்கலா, பச்சையா? புதுக் கஞ்சியா, ஒரு இரவு வைத்ததா? பதம் பார்க்க விரலால் தொட்டுப் பார்த்தீர்களே, அந்தப் பதத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, அது என்ன? இந்த மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அப்போதிருந்து எதையோ சொல்ல வாயெடுக்கிறார். தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடு.